பறந்து போன பூச்சியும் பாடம் செய்த எறும்புதின்னியும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் காமிரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை வந்து சேரும். ஆண்டு முழுவதும் காட்டிலும் குளக்கரையிலும் தோட்டத்திலும் எடுத்த படங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, "இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்" என்று ஒன்றைப் பொறுக்கி எடுப்பார்கள். பிறகு அதை நண்பர்களுக்குக் காட்டுவார்கள். முன்பெல்லாம் புகைப்படச் சங்கங்களில் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்லைடுகளைத் திரையில் போட்டுக் காட்டுவது வழக்கம். இப்போது கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் போதும், ஊரே பார்த்துவிடுகிறது.

இவர்களில் பெரும்பாலோர் படம் எடுத்துப் பிழைப்பவர்கள் அல்லர். வங்கியில் கணக்கு எழுதுபவர், பள்ளி ஆசிரியர், மருந்துக் கடைக்காரர் என்று பல தொழில் செய்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர்கள் எடுக்கும் படங்களால், பார்த்து மகிழ்வதைத் தவிர வேறு பயன் உண்டா? உண்டு. ஒரு பூச்சியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2011ஆம் ஆண்டு மே மாதம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு காட்டுப் பூங்கா. குயெக் ஹாக் பிங் என்பவர் அங்கே காமிராவுடன் நடந்துகொண்டிருந்தார். பூச்சிகளைப் படம் எடுப்பதில் அவருக்கு அளவில்லாத ஆசை. அன்று ஒரு பச்சைப் பூச்சி கண்ணில் பட்டது. கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய இறக்கைகள். அவற்றில் கறுப்பு மையால் வரைந்தாற்போலக் கோடுகள். அழகாக இருக்கிறதே என்று சில படங்கள் எடுத்தார். பூச்சி பறந்து போய்விட்டது. அவரும் தம் வழியே போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் படங்களை மற்றவர்கள் பார்க்க இணையத்தில் வைத்தார். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநில வேளாண்மைத் துறையில் ஷான் வின்டர்ட்டன் என்ற பூச்சியியல் அறிஞர் இருந்தார். அவர் தற்செயலாக அந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்தவர் திகைத்துப் போனார். இந்த வகைப் பூச்சிகளைப் பற்றியே ஆராய்ந்து வருபவர் அவர். ஆனால் இறக்கையில் இப்படிக் கறுப்புக் கோடுள்ள ஒன்றை அவர் கண்டதே இல்லை. சக அறிஞர்களுக்குப் படத்தை அனுப்பிக் கேட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை. உடனே குயெக்குக்கு எழுதினார்: பூச்சியைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா?

எங்கே பிடித்தார்! அது பறந்து போய் எவ்வளவோ நாளாகிவிட்டதே!

"படம்தான் இருக்கிறதே, பூச்சி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உயிரினத்துக்குப் புதிய அறிவியல் பெயர் சூட்ட வேண்டுமானால், அதன் உடல் ஒன்றை அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்துவது வழக்கம். நாளைக்கு ஒருவர் வந்து "இது வேறு பூச்சி, அது வேறு பூச்சி" என்று வாதாடினால், எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? காலில் எத்தனை முள், இறக்கையில் எத்தனை நரம்பு என்பதெல்லாம் படத்தில் முழுதாகத் தெரியாது.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. குயெக் அதே இடத்துக்கு மறுபடியும் போனார். அதே வகைப் பூச்சி அங்கே இருந்தது! இம்முறை அவர் அதை விடவில்லை. ஒரு டப்பாவில் பிடித்து வைத்துக்கொண்டு வின்டர்ட்டனுக்குச் செய்தி அனுப்பினார். பூச்சி லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஸ்டீபன் புரூக்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து, இது இதுவரை பெயரிடப்படாத புதிய இனமே என்று உறுதி செய்தார். ஒரு வேடிக்கை என்னவென்றால், அதே இனப் பூச்சி ஒன்று அந்த அருங்காட்சியகத்திலேயே பெயரில்லாமல் பல ஆண்டுகளாகக் கிடந்திருக்கிறது. யாரும் அதை அடையாளம் காணவில்லை.

மூன்று கண்டங்களில் இருந்த மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியாயிற்று. பூச்சிக்கு 'செமாகிரைசா ஜேட்' என்று பெயர் வைத்தார்கள். ஜேட் என்பது பச்சைக் கல்லின் பெயராயிற்றே, பூச்சி பச்சையாக இருப்பதால் வைத்தார்களோ என்று நினைக்காதீர்கள். வின்டர்ட்டனின் மகள் பெயர் ஜேட்!

இந்தப் பூச்சியின் உறவினர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாலை வேளையில் வீட்டு விளக்கைத் தேடி வரும் மெல்லிய பச்சைப் பூச்சி, பொன் நிறத்தில் மின்னும் கண்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சி என்பார்கள். அது முட்டையிடுவதே தனி அழகு. முடிபோன்ற ஒரு காம்பை நிறுத்தி, அதன் உச்சியில் ஒரு முட்டையை வைக்கும். பொரித்து வரும் புழு, பருத்திச் செடியிலும் அவரைக் கொடியிலும் மொய்க்கும் அசுவினிகளைப் பிடித்து உறிஞ்சிவிடும். விவசாயிக்குக் கூலி கேட்காத வேலைக்காரன்.

குயெக் எடுத்த படத்தில் வண்ணமும் வெளிச்சமும் நன்றாக இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அறிவியலுக்கு உதவியது அது மட்டுமன்று. எந்த இடத்தில் எடுத்தோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதனால்தான் ஓராண்டுக்குப் பிறகும் அதே இடத்துக்குப் போக முடிந்தது.

புலி தானே எடுத்துக்கொண்ட படம்

பொழுதுபோக்காகப் படம் எடுத்தவர்கள் அறிவியலுக்கு உதவுவது புதிது அன்று. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். பறவைக் கூடுகளைப் பற்றி 1895இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் ஓவியமே கிடையாது. எல்லாம் நேரில் எடுத்த புகைப்படங்கள். பறவைகள் மனிதரைக் கண்டால் பறந்துவிடுகின்றனவே என்று ஒரு தந்திரம் செய்தார்கள். பாடம் செய்த ஒரு மாட்டைத் தயாரித்து, உள்ளே கூடாக வைத்து, அதற்குள் ஒருவர் காமிராவுடன் புகுந்துகொண்டார்! மேய்கிற மாடு என்று பறவைகள் கவலையில்லாமல் பக்கத்தில் வந்தன. உள்ளே இருந்தவர் பாடுதான் திண்டாட்டம்.

நம் நாட்டில் ஃபிரெடரிக் வால்டர் சாம்பியன் என்ற வன அதிகாரி, 1920களில் சிவாலிக் மலையடிவாரக் காடுகளில் புலியைப் படம் எடுக்க முயன்றார். அந்நாளில் புலி என்றால் துப்பாக்கியைத் தூக்குவார்களே தவிர, காமிராவைத் தூக்குவாரில்லை. இவர் புலி நடக்கும் தடத்தில் ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி, அதைக் காமிராவுடன் இணைத்தார். இரவில் புலி அந்தக் கம்பியை இடறும். உடனே மக்னீசியத் தூள் பளீரென்று எரியும். காமிரா தானே படம் எடுத்துக்கொள்ளும். 1925இல் லண்டன் வார இதழ் ஒன்றில் இப்படங்கள் வந்தபோது மக்கள் வியந்து போனார்கள்.

படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த சாம்பியன், புலிகளின் வரிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை என்று கண்டார். உங்கள் கட்டைவிரல் ரேகை உங்கள் தம்பிக்கு இல்லையல்லவா, அதுபோலத்தான். பிற்காலத்தில், 1990களில், கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் உல்லாஸ் கரந்த் தானியங்கிக் காமிராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கிட்டதற்கு அடிப்படை இந்த வரிகளே. வரியைப் பார்த்து, இது நேற்று வந்த புலியா, வேறு புலியா என்று சொல்லிவிடலாம்.

கடலிலும் இப்படித்தான். கூன்முதுகுத் திமிங்கிலம் நீரில் மூழ்கும்போது வாலை மேலே தூக்கும். வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் ஒவ்வொரு விதம். 1999ஆம் ஆண்டு பிரேசில் கடற்கரைக்கு அப்பால் ஒரு பெண் திமிங்கிலத்தின் வாலை ஆய்வாளர்கள் படம் எடுத்து வைத்தார்கள். 2001ஆம் ஆண்டில் மடகாஸ்கர் தீவின் அருகே, திமிங்கிலம் பார்க்கப் படகில் போன ஒரு சுற்றுலாப் பயணி ஒரு வாலைப் படம் எடுத்தார். பிற்பாடு இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒரே வால்! குறைந்தது 9,800 கிலோமீட்டர் தூரம். ஒரு பெருங்கடலைத் தாண்டி இன்னொரு பெருங்கடலுக்குள் போயிருக்கிறது. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இவ்வளவு தொலைவில் உள்ள இன்னோர் இனப்பெருக்க இடத்துக்குப் போகும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. அதிலும் பெண் திமிங்கிலம் போகும் என்று எதிர்பார்க்கவே இல்லை. 2010இல் இச்செய்தி ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. அந்தச் சுற்றுலாப் பயணி அன்று, "இன்று நல்ல படம் கிடைத்தது" என்று மட்டுமே நினைத்திருப்பார்.

ஆயிரக்கணக்கான வால்களைக் கண்ணால் ஒப்பிடுவது எளிதா? உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட திமிங்கிலச் சுறா என்றால் இன்னும் தலைவலி. இங்கேதான் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. எங்கிருந்து தெரியுமா? வானத்திலிருந்து!

வானியலாளர்கள் ஒரே வானப்பகுதியை வெவ்வேறு தொலைநோக்கிகளால் எடுத்த படங்களை ஒப்பிட வேண்டியிருக்கும். இந்தப் படத்திலுள்ள விண்மீன் அந்தப் படத்தில் எது? இதற்கு ஒரு கணக்கு முறை 1986இல் வெளியாகியிருந்தது. ஏதேனும் மூன்று விண்மீன்களைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் சாய்த்தாலும், பக்கங்களின் நீளம் மாறுமே தவிர விகிதம் மாறாது. நீங்கள் வடிவொத்த முக்கோணங்கள் என்று படிக்கிறீர்களே, அதேதான். விண்மீனும் கறுப்பில் வெள்ளைப் புள்ளி. சுறாவின் முதுகிலும் கறுப்பில் வெள்ளைப் புள்ளி! ஒரு கணிப்பொறி நிபுணர், ஒரு விண்வெளி இயற்பியலாளர், ஒரு கடல் உயிரியலாளர் மூவரும் சேர்ந்து அந்தக் கணக்கைச் சுறாவுக்குப் பொருத்தி 2005இல் வெளியிட்டார்கள். பத்துப் புள்ளிகள் இருந்தால் 120 முக்கோணங்கள் கிடைக்கும். (எப்படி 120 என்று கணக்கு ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.) சுறாவைக் கடலில் கண்ட முக்குளிப்பவர்கள் அனுப்பும் படங்களை இம்முறையில் கணிப்பொறி ஒப்பிட்டு, "இது நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவில் கண்ட சுறா" என்று எடுத்துக் கொடுக்கிறது. ஒரே நிபந்தனை: சுறாவைப் பக்கவாட்டில் நேராகப் படம் எடுத்திருக்க வேண்டும். கோணலாக எடுத்தால் முக்கோணம் நசுங்கிவிடும்.

பொய் சொன்ன படங்கள்

படம் சாட்சி சொல்லும் என்றால், பொய்ச் சாட்சியும் சொல்லும் அல்லவா?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி ஒன்று 1965 முதல் நடந்து வருகிறது. இப்போது ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்ட படங்கள் வருகின்றன. 2009ஆம் ஆண்டுக்கான முதல் பரிசு, நள்ளிரவில் ஒரு வேலிக் கதவைத் தாவிக் கடக்கும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. பார்த்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஆனால் ஓநாயை அறிந்த சிலருக்குச் சந்தேகம் வந்தது. கதவுச் சட்டங்களுக்கு இடையே நுழைந்து போகாமல், இது ஏன் சர்க்கஸ் விலங்குபோலத் தாவுகிறது? மாட்ரிட் நகருக்கு அருகில் ஒரு விலங்குப் பூங்காவில் வளர்ந்த ஓநாயின் படங்களோடு ஒப்பிட்டார்கள். இது பழக்கப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். படம் எடுத்தவர் கடைசி வரை மறுத்தார்.

அதே போட்டியில் 2017இல் வேறு ஒரு பிரிவில் பரிசு பெற்ற படம் இன்னும் விசித்திரமானது. பிரேசில் நாட்டின் எமாஸ் தேசியப் பூங்கா. இரவு. ஒரு கறையான் புற்று முழுவதும் பச்சை ஒளிப் புள்ளிகள். அவை மின்மினிபோல் ஒளிவிடும் ஒருவகை வண்டின் புழுக்கள். புற்றை நோக்கி ஒரு பெரிய எறும்புதின்னி நெருங்குகிறது. (நம் ஊரில் எறும்புதின்னி என்று சொல்லும் அழுங்கு வேறு; இது நீண்ட மூக்கும் புதர்போன்ற வாலும் உடைய தென் அமெரிக்க விலங்கு.) யாரோ ஒருவர், "இந்த விலங்கைப் பூங்கா வாசலில் பார்த்திருக்கிறேனே!" என்ற பொருளில் தகவல் கொடுத்தார். பூங்காவின் பார்வையாளர் கூடத்தில் பாடம் செய்த எறும்புதின்னி ஒன்று நின்றிருந்தது. ஐந்து அறிவியலறிஞர்கள் தனித்தனியே இரண்டையும் ஒப்பிட்டார்கள். உடல் கோடுகள், மயிர்க் கொத்துகள், தலையைச் சாய்த்து நிற்கும் நிலை, எல்லாம் பொருந்தின! 2018 ஏப்ரலில் அந்தப் படம் நீக்கப்பட்டது. இவரும் மறுத்தார்.

திமிங்கிலத்தைக் கண்டுபிடித்த அதே முறைதான் இங்கே பொய்யையும் கண்டுபிடித்திருக்கிறது, பார்த்தீர்களா? கீர்ட்டன் சகோதரர்களும் பாடம் செய்த மாட்டைப் பயன்படுத்தினார்கள்தாம். ஆனால் அவர்கள் அதை ஒளிந்துகொள்ள வைத்துக்கொண்டார்கள். படத்தில் காட்டி ஏமாற்றவில்லை.

இவை ஊரறிந்த ஏமாற்றுகள். ஊரறியாத சிறு தவறுகள்தாம் அதிகம். அவற்றில் ஒன்று என்னுடையது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துக் கத்தரிச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. இலைகளைப் பஞ்சு நூலால் தைத்து, உள்ளே மூன்று குஞ்சுகள். முன்னால் ஓர் இலை மறைத்தது. அதைக் கிள்ளிவிட்டுப் படம் எடுத்தேன். படம் மிக நன்றாக வந்தது. மறுநாள் காலையில் செம்போத்து ஒன்று வந்து போயிருந்தது, கூடு காலி. அந்த ஓர் இலைதான் குஞ்சுகளுக்குக் கதவாக இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. இன்று பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. சரியான ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

இடத்தைச் சொல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1999இல் தென் சீனப் பகுதியிலிருந்து ஓர் அழகிய பல்லி இனத்தை அறிவியலறிஞர்கள் விவரித்து எழுதினார்கள். கட்டுரையைப் படித்த பல்லி வியாபாரிகள் அதே இடத்துக்குப் போய்ப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த இடத்தில் அந்தப் பல்லி இல்லாமலே போய்விட்டது. ஆகவே ஆந்தையின் பொந்து, நட்சத்திர ஆமை திரியும் புதர் போன்றவற்றை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், ஊரெல்லாம் சொல்லாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"எங்களிடம் பெரிய லென்ஸ் இல்லையே" என்று சொல்ல வேண்டாம். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், தென்னிந்தியக் காடுகளில் யானைகளையும் காட்டெருதுகளையும் படம் எடுத்தவர். வெவ்வேறு பாகங்களைத் தாமே சேர்த்துப் பூட்டிய காமிராவை வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுத்தார். 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வீட்டிலுள்ள கைப்பேசியே உங்களுக்குப் போதும். பள்ளிச் சுவரில் சிலந்தி, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி, மழைக்குப் பின் தவளை, எதுவானாலும் சரி.

வண்ணத்துப்பூச்சி என்றால் இறக்கையின் மேல்பக்கத்தை ஒன்று, அடிப்பக்கத்தை ஒன்று எடுங்கள். சில இனங்களை அடிப்பக்கத்தைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும். அளவு தெரிய, பூச்சி போன பிறகாவது அந்த இலையின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து இன்னொரு படம் எடுங்கள். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து அசையாமல் செய்து படம் எடுக்கச் சிலர் சொல்லித் தருவார்கள். அந்த யோசனையைக் கேட்காதீர்கள். வண்ணத்தைக் கூட்டிக் குறைத்து அழகுபடுத்த ஆசையாக இருந்தால், ஒரு நகலில் செய்யுங்கள். மூலப் படத்தை அப்படியே வையுங்கள். எடுத்த தேதியும் நேரமும் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும்.

ஆண்டு முடிவில் ஒரு படத்தைப் பொறுக்கி எடுங்கள். அச்சுப் போட்டு அதன் பின்புறத்தில் இடம், நாள், நேரம், அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நான்கு வரி எழுதி, வகுப்பில் ஒரு மாலை எல்லோரும் காட்டிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். குயெக்குக்கும் அன்று தெரியாது.

என் படம் எது என்று கேட்கிறீர்களா? எங்கள் தெரு வேப்பமரத்தில் எடுத்தது. கொஞ்சம் கலங்கல்தான், பாதிப் படத்தை மின்கம்பி மறைக்கிறது. பின்புறத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஜூலை 19, காலை 7-20. காகம் குயில் குஞ்சுக்குச் சோறு ஊட்டுகிறது. குஞ்சு காகத்துக்கு முக்கால் அளவு வளர்ந்துவிட்டது. மூன்று முறை ஊட்டியது." உற்றுப் பார்த்தால், அலகிலிருந்து குஞ்சின் சிவந்த வாய்க்குள் போகிற ஒரு பருக்கை தெரியும்.